பள்ளிக்கூடம் நின்ற தெரு

காரைக்கால் மக்களுக்கு எல்லைக்கோடு என்பது புதிய செய்தி அன்று. 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசம் வந்த இந்த மண், 1954 நவம்பர் முதல் நாளில் இந்திய ஆட்சியோடு இணைந்த பின்னும், சுற்றிலும் தமிழ்நாடு சூழ்ந்திருக்கத் தொலைவிலுள்ள புதுச்சேரியின் ஒரு பகுதியாகவே இருந்து வருகிறது. ஆனால், அரசுகள் வரைபடத்தில் இடும் கோடுகளைவிட வலிய கோடுகள் உண்டு. எந்த ஏட்டிலும் பதிவாகாமல், பள்ளிக்குப் புறப்படும் குழந்தையின் கால்களுக்கு மட்டுமே தெரிந்த கோடுகள் அவை.

கோவில்பத்தில் உள்ள பார்வதீசுவரர் கோவில், தேவாரப் பாடல் பெற்ற திருத்தெளிச்சேரியாகும். சேரி என்னும் சொல்லுக்கு மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்பதே பழம்பொருள். சோழர் காலக் கல்வெட்டுகளில் அந்தணர் ஊர்களின் பிரிவுகளும் சேரி என்றே வழங்கப்பட்டன. பிற்காலத்தில் இச்சொல் சுருங்கி, ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்களின் குடியிருப்பை மட்டும் குறிப்பதாயிற்று. சேர்ந்திருத்தலைச் சொன்ன சொல்லே பிரிந்திருத்தலைச் சொல்லத் தொடங்கிய இந்த மாற்றத்துக்குள், நம் பள்ளிகளின் வரலாறும் அடங்கியிருக்கிறது.

எந்தப் பள்ளியில் எந்தத் தெருப் பிள்ளைகள் படிப்பது என்பதை மேலை நாடுகள் பலவற்றில் வரைபடம் போட்டு வரையறுக்கிறார்கள். அமெரிக்காவில் 1954ஆம் ஆண்டின் பிரவுன் வழக்குத் தீர்ப்புக்குப் பின், அந்த எல்லைகளை மாற்றுவது பற்றி ஊர்தோறும் பெரும் வாதங்கள் எழுந்தன. நம் நாட்டில் அத்தகைய வரைபடம் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் நின்றதோ, அந்தத் தெருவே எல்லையை வகுத்துவிட்டது.

சென்னை மாகாணத்தில் ஆதிதிராவிடர் கல்விக்கென 1893இல் ஓர் அரசாணை பிறந்தது. செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமென்கீர் அம்மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையை அடுத்து வந்த ஆணை அது. அவர்கள் குடியிருப்புகளில் தனிப் பள்ளிகள் அமைக்க அது வழிசெய்தது. அடுத்த ஆண்டில் கர்னல் ஆல்காட் சென்னையில் இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவினார். மறைப்பணியாளர்களும் பல இடங்களில் இவ்வழியே சென்றனர். பிள்ளை இருக்கும் இடத்துக்குப் பள்ளி வந்தது; ஆனால் பிரிவு அப்படியே நின்றது.

1919 மார்ச்சில் மாகாண அரசு வேறொரு கேள்வியை எழுப்பியது. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளிகள் எத்தனை? அவற்றுள் ஆதிதிராவிடப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வன எத்தனை? எண்ணிப் பார்த்தபோது, 8,000க்கு மேற்பட்ட பள்ளிகளில் 600 சொச்சமே அவர்களுக்குக் கதவு திறந்திருந்தன. காரணம் ஆசிரியரின் மனம் மட்டும் அன்று. பல பள்ளிகள் அக்கிரகாரத்திலும், கோவில் மண்டபத்திலும், ஊர்ச் சாவடியிலும் நடந்தன. விதி அனுமதித்தாலும் வீதி அனுமதிக்கவில்லை. ஆகவே, எல்லாரும் வரத்தக்க இடங்களுக்குப் பள்ளிகளை மாற்ற வேண்டும் என்று அரசு பணித்தது. பிள்ளையை விலக்காமல் பள்ளியை நகர்த்தச் சொன்னதே அந்த ஆணையின் சிறப்பு.

ஆணை எளிது; ஊர் எளிதன்று. தம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில், பொதுச் சாலைகளும் தெருக்களும் கிணறுகளும் எல்லாருக்கும் உரியவை எனத் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பள்ளிக் கதவு திறந்து ஐந்தாண்டுகள் கழித்தும், அதுவரை நடந்து செல்லும் உரிமைக்காக வாதாட வேண்டியிருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வரலாற்றை அயலார் குற்றமாகப் படித்துவிட்டு நகர நமக்கு உரிமையில்லை. புதுச்சேரி ஆலயத்தின் உள்ளேயே சாதியைப் பிரித்த சுவர் ஒன்று நின்றதையும், ஒடுக்கப்பட்டோர் குருவிடம் முறையிட்டபின் அது இடிக்கப்பட்டதையும், ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் எழுதி வைத்திருக்கிறார்.

விடுதலைக்குப் பின் தூரத்தைக் கொண்டு நீதியை அளக்கத் தொடங்கினோம். ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி என்பது இலக்காயிற்று. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் குழு, ஒரு வட்டாரத்துக் குழந்தைகள் அனைவரும் சாதி, செல்வ வேறுபாடின்றி ஒரே அண்மைப் பள்ளியில் பயில வேண்டும் என்றது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் மத்திய விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டர், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டர் என்று வரையறுத்தன. அளவுகோல் நல்லதே. ஆனால், அந்த ஒரு கிலோமீட்டர் யாருடைய தெருவழியே செல்கிறது என்பதை அளவுகோல் சொல்லாது.

பழைய கேள்வி இன்னும் முடியவில்லை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கை, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் முதலியவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக அறிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவர் சக மாணவர்களாலேயே சாதியின் பெயரால் வெட்டப்பட்டார். அதன் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும், பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது என 2024இல் பரிந்துரைத்தது. பெயர்ப் பலகையே பிள்ளைமீது முத்திரை குத்துகிறது என்பது ஒரு பக்கத்தின் வாதம். தனி நிதியும் தனிக் கவனமும் போய்விட்டால், குடியிருப்பை ஒட்டிய சிறு பள்ளி ஒருநாள் மூடப்படும் என்பது மறுபக்கத்தின் அச்சம். இரண்டும் பொய்யல்ல. 1893இன் வழியும் 1919இன் வழியும் இன்றும் எதிரெதிரே நின்று பேசுகின்றன.

இவ்விரண்டுக்கும் இடையே முடிவு செய்பவர்கள், பள்ளிகளின் எண்ணிக்கையையும் தொலைவையும் மட்டும் பார்த்தால் போதாது. பள்ளியை இணைத்தால் யாருடைய பிள்ளை கூடுதலாக நடக்கிறது, எந்தத் தெருவைக் கடக்கிறது, அங்கே யாரோடு அமர்கிறது என்று கேட்க வேண்டும். ஏழைப் பிள்ளைகள் மட்டுமே நெடுந்தூரம் நடந்து வந்து சேரும் பள்ளி, இணைந்த பள்ளி ஆகாது. சுமையும் இருக்கையும் எல்லாருக்கும் பொதுவாகும் இடத்தில்தான், சேரி என்ற சொல் தன் பழம்பொருளைத் திரும்பப் பெறும்.