சிப்பாயின் இருதயம்

காலை இழந்த சிப்பாய்க்குக் கட்டைக்காலே சாட்சி. உபகாரச் சம்பளம் கேட்டு வந்து நிற்கும்போது அவன் வாய் திறக்கவும் வேண்டுவதில்லை. ஆனால் நான்கு படி ஏறுமுன் மூச்சிரைத்து, இடது மார்பைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுகிற ஒருவன், வெளிப்பார்வைக்குத் திடகாத்திரனாகவே தோன்றுகையில், இந்த வியாதியை எனக்குத் தந்தது யுத்தமே என்று எதைக் காட்டி நிரூபிப்பான்? 1865-இல் உள்நாட்டு யுத்தம் ஓய்ந்தபின் அமெரிக்க சர்க்காரை நெடுங்காலம் விடாமல் தொடர்ந்து வந்த கேள்வி இது.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, பிலடெல்பியா நகரத்து டர்னர்ஸ் லேன் ராணுவ ஆஸ்பத்திரியில் ஜேக்கப் மெண்டிஸ் டகோஸ்டா என்ற வைத்தியர் இத்தகையவர்களை வரிசையாகப் பார்த்தார். குண்டு பட்ட தழும்பில்லை. ஆனால் படபடப்பு, மார்புக் குத்தல், ஓயாத களைப்பு. பேதியோ ஜுரமோ கண்டு படுத்தெழுந்து படைக்குத் திரும்பியவன், பழையபடி முதுகுமூட்டையும் துப்பாக்கியும் சுமந்து துரித நடை போடுகையில், தோழர்களுக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் பின்தங்கிவிடுவான் என்பதே பெரும்பாலும் கதை. முந்நூறுக்கு மேற்பட்ட நோயாளிகளைக் கண்ட அனுபவத்தைக் கொண்டு டகோஸ்டா 1871-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் சூட்டிய பெயர் வேறாயினும், சிப்பாயின் இருதயம் என்ற பெயரே வழக்கில் நிலைத்தது.

வைத்தியர் நம்பினார், சட்டம் அவ்வளவு எளிதில் நம்புவதாயில்லை. 1862-ஆம் வருஷத்துச் சட்டப்படி, உடலுழைப்புக்கு முற்றிலும் லாயக்கற்றுப்போன சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர். ஆனால் ஊனம் ராணுவ சேவையில் நேர்ந்ததென்பது ருசுவாக வேண்டும். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் பேதி என்றோ வாதம் என்றோ எழுதியிருக்குமே தவிர இருதயம் என்ற வார்த்தை இராது. ஆகவே, வாதமும் அதன் விளைவாக வந்த இருதய நோயும் என்று விண்ணப்பத்தில் இரண்டையும் சங்கிலி போலக் கோத்து, அன்று அணியில் பக்கத்தில் நடந்தவனைத் தேடிப்பிடித்து, இவன் மயங்கி விழுந்ததைக் கண்ணால் கண்டேன் என்று பிரமாண வாக்குமூலம் வாங்கி அனுப்ப வேண்டியிருந்தது. பரிசோதிக்கும் வைத்தியரோ நாடியை எண்ணி, மார்பில் காது வைத்துக் கேட்டு, ஊனத்தைப் பதினெட்டில் இத்தனை பங்கு என்று பின்னமாக்கித் தருவார். காயத்தின் இடத்தைக் குறிப்பதற்கென்று அவருடைய படிவத்தில் மனித உருவத்தின் கோட்டுப்படம் அச்சிட்டிருந்ததுண்டு; இருதய நோயாளியின் தாளில் அந்த உருவம் ஒரு கீறலுமின்றி, பூரண ஆரோக்கியத்தோடு நின்றிருக்கும்.

1889-இல் உபகாரச் சம்பள இலாகாவுக்குத் தலைவரானவர் ஜேம்ஸ் டானர், புல்ரன் யுத்தகளத்தில் இரண்டு கால்களையும் இழந்தவர். லிங்கன் சுடப்பட்ட இரவில் சாட்சிகளின் வாக்குமூலங்களைச் சுருக்கெழுத்தில் எடுத்தவரும் அவரே. அள்ளிக் கொடுக்கிறார் என்ற கூக்குரலில் சில மாதங்களிலேயே அவர் பதவி இழந்தார். ஆயினும் மறு வருஷத்துச் சட்டம், 90 நாள் சேவை செய்து கௌரவமாக விடுவிக்கப்பட்டவனுக்கு உடலுழைப்பு இயலாதென்றால், காரணம் யுத்தமா என்று கேளாமலே 6 முதல் 12 டாலர் வரை கொடுக்க ஏற்பாடு செய்தது. உண்மையில் அது கேள்விக்கு விடையன்று, கேள்வியையே கைவிட்டதுதான். செலவு ஏறி, மத்திய சர்க்காரின் செலவில் ஐந்தில் இரண்டு பங்கை எட்டியது.

முதல் உலக யுத்தத்தில் இங்கிலாந்து இதே நோயைப் புதிதாகக் கண்டதுபோல் கண்டது. ஹாம்ப்ஸ்டெட்டிலும் பிறகு கோல்செஸ்டரிலும் தாமஸ் லூயிஸ், படிப்படியான தேகப்பயிற்சியால் பலரைத் தேற்றியதோடு, இவர்களில் மிகுதியானோருக்கு இருதயத்தில் கோளாறே இல்லை என்றும் சொன்னார். நோயாளிக்கு அது நல்ல மருந்துதான். அதே வாக்கியம் உபகாரச் சம்பளக் காகிதத்தில் ஏறும்போது என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்கா தன் பழைய கேள்விக்கு வேறொரு விடையை 2010-இல் எழுதியது. காடுகளை உதிர்க்கத் தெளித்த ஏஜெண்ட் ஆரஞ்சு கலந்த வியட்நாம் மண்ணில் சேவை செய்தவனுக்கு, இருதயத்துக்கு ரத்தம் குறைவதால் வரும் நோய் கண்டால், அது சேவையால் வந்ததென்றே அனுமானிக்கப்படும். பக்கத்தில் நடந்தவனைத் தேடி அவன் அலைய வேண்டாம். அந்த விதியைக் கொண்டுவந்த, முன்னாள் படைவீரர் இலாகாவின் அன்றைய தலைவர் எரிக் ஷின்செகி, அதே மண்ணில் கண்ணிவெடியை மிதித்து, பாதத்தில் ஒரு பகுதியை அங்கேயே விட்டுவந்தவர்.