மணலியில் அறுபது வேலி

ஆசைக்கு அளவில்லை என்று சொன்ன நம் முன்னோர்கள், ஆசைக்காகச் செலவழிக்கும் பணத்துக்கு அளவு உண்டா என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். 'போகாதே' என்றார்கள், 'போனால் கெட்டாய்' என்றார்கள். திருக்குறளில் இதற்கென்றே 'வரைவின் மகளிர்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆனால் போகாதே என்று சொன்ன பிறகும் போகிறவன் இருக்கிறானே, அவன் தன் பையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்? எங்கே நிறுத்த வேண்டும்? எதிரே நிற்கும் பெண்ணை எப்படி மதிக்க வேண்டும்? இதைப் பற்றி நூல்களில் தேடினால் கிடைப்பது குறைவு. கல்லில் தேடினால் கொஞ்சம் கிடைக்கிறது. அந்தக் கல் வெகு தூரத்தில் இல்லை. வடசென்னையில், திருவொற்றியூர்க் கோயிலில் இருக்கிறது.

மூன்றாம் இராசராச சோழனுடைய பத்தொன்பதாம் ஆட்சியாண்டு, அதாவது ஏறக்குறைய கி.பி. 1235. அவன் பெயரைக் கேட்டதும் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய இராசராசனை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவன் நொந்துபோன சோழன். நாலைந்து ஆண்டுகளுக்கு முன்புதான் கோப்பெருஞ்சிங்கன் இவனைச் சிறைபிடித்து வைத்திருந்தான். போசள மன்னன் வந்து மீட்டுவிட வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட அரசன் திருவொற்றியூருக்கு வந்து, கோயில் மண்டபத்தில் அமர்ந்து, உறவாக்கின தலைக்கோலி என்ற பெண் அகமார்க்கம் பாடக் கேட்டான். கேட்டு மகிழ்ந்து அவன் கொடுத்தது அறுபது வேலி நிலம். எங்கே? மணலியில்! அந்த நிலத்துக்கு 'உறவாக்கின நல்லூர்' என்று அவள் பெயரையே இட்டார்கள்.

ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். அறுபது வேலி ஏறக்குறைய நானூறு ஏக்கர். 1969-லிருந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள் நிற்கிற அதே மணலிதான். எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசை வரிசையாக நிற்கிற அந்தப் பக்கத்து மண்ணில், ஒரு காலத்தில் ஒரு பாட்டுக்கு விலையாக நெல் விளைந்தது என்று நினைத்துப் பார்ப்பதே வேடிக்கையாக இருக்கிறது.

'தலைக்கோலி' என்ற பட்டம் நம் நேயர்களுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்து மாதவி பெற்ற பட்டமும் அதுவே. ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அவள் சோழ மன்னன் முன் ஆடினாள். அரசன் தலைக்கோல் பட்டத்தோடு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் அளித்தான். ஒரு கழஞ்சு ஏறக்குறைய ஐந்து கிராம் என்று வைத்துக்கொண்டால், ஐந்து கிலோ பொன்! அதே விலைக்கு அவளுடைய மாலையைக் கூனி ஒருத்தி நகரத் தெருவில் விற்றாள். கோவலன் வாங்கினான். அப்புறம் நடந்த கதையைத் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கதையில் நாம் கவனிக்கத் தவறுகிற ஓர் இடம் உண்டு. கோவலன் கெட்டது மாலை வாங்கியதால் அன்று. அவன் பணக்கார வணிகன். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு அவனால் தாங்க முடியாத தொகை என்று இளங்கோவடிகள் சொல்லவில்லை. மாலை வாங்கிய அன்றைக்கு அவன் கணக்கை மூடவில்லை. அதுதான் முதல் பிழை. ஒரு விலை கொடுத்துவிட்டுப் போனவன், விலையே சொல்லப்படாத செலவுக்குள் காலை வைத்தான். முன்னோர் தேடிவைத்த செல்வம் எப்போது தீர்ந்தது என்று அவனுக்கே தெரியாது. வீடு திரும்பி வந்து வெட்கத்தோடு நின்றபோது, மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இல்லையாக்கும் என்று எண்ணிச் சிலம்பு இருப்பதைச் சொன்னாளே கண்ணகி, அந்தக் கட்டத்தைவிடக் கொடிய வரவு செலவுக் கணக்கு நம் இலக்கியத்தில் வேறு இல்லை.

இரண்டாவது பிழை அதைவிடப் பெரியது. புகார்க் கடற்கரையில் மாதவி யாழெடுத்துக் கானல்வரி பாடினாள். பாட்டில் வந்த காதலன் வேறு யாரோ என்று கோவலனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாடுகிறவள் பாட்டில் எத்தனையோ பேராக நின்று பாடுவாள். அது அவள் தொழில், அவள் கலை. அவனோ, தான் கொடுத்த பொன்னுக்கு அவளுடைய பாட்டு மட்டுமல்ல, மனமும் சேர்ந்து விலையாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தான். வாங்காத பொருளை வாங்கியதாக எண்ணினான். அங்கேதான் அவன் பிரிந்தான்; மதுரைக்கு வழி பிறந்தது.

திருவொற்றியூர் அரசனையும் புகார் வணிகனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒருவன் சபையறிய உட்கார்ந்து கேட்டான், கொடுத்ததைக் கல்லில் வெட்டினான், கொடுக்கப்பட்டவள் பெயரை மறைக்காமல் ஊருக்கே சூட்டினான், எழுந்து போனான். மற்றவன் கொடுத்ததற்கு எழுத்தும் இல்லை, எல்லையும் இல்லை. அரசனைப் புகழும்போது ஒன்றையும் மறந்துவிடக் கூடாது: அவன் கொடுத்தது நாட்டின் நிலம், கோவலன் கொடுத்தது வீட்டின் பொருள். பிறர் சொத்திலிருந்து தாராளமாக இருப்பது யாருக்கும் சுலபம். ஆகையால் மாதச் சம்பளக்காரன் அரசனிடம் கற்கவேண்டியது தாராளத்தையல்ல. கணக்கை மூடத் தெரிந்த அந்தக் குணத்தை மட்டுமே.

அந்தப் பெண்களும் வெறும் கைநீட்டிகளாக இருக்கவில்லை. பதினான்காம் நூற்றாண்டில், சம்புவராயர் காலத்திலும் பிறகு விசயநகரக் கம்பண்ணர் காலத்திலும், இதே திருவொற்றியூரில் படியிலார், தேவரடியார், இஷபத்தளியிலார் என்ற மூன்று வகுப்பினருக்குள் யார் எந்தச் சேவையைச் செய்வது என்று பெரிய வழக்கு நடந்திருக்கிறது. அதிகாரிகளும் கோயிலாரும் கூடி உட்கார்ந்து தீர்த்துக் கல்லில் எழுதினார்கள். இன்னின்னது என் வேலை, இதற்கு மேல் என் வேலையல்ல என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்.

காலம் கெட்டது. கோயில் மானியங்கள் தேய்ந்தன. அந்த இடத்துக்குத் தனி மனிதர்கள் வந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் 'விறலிவிடு தூது' என்றொரு நூல் வகை பெருகிற்று. சுப்ரதீபக் கவிராயர் கூளப்ப நாயக்கன் மீது பாடியது மிகப் பிரசித்தம். மனைவியிடம் கோபித்துக்கொண்டு கிளம்பியவன், தாசி வீட்டில் எல்லாவற்றையும் தோற்றுவிட்டு, விறலியை மனைவியிடம் தூது விடுகிறான். அதில் பணத்தைக் கறக்கும் தந்திரமெல்லாம் தாய்க்கிழவிக்குத்தான் தெரியும். பெண் முன்னே நிற்பாள், கிழவி பின்னே நிற்பாள். சிரித்துக்கொண்டே படிக்கலாம், ஆனால் அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று கவிராயர் கேட்கவே இல்லை.

அதைக் கேட்க அந்தக் குலத்திலிருந்தே ஒருவர் வரவேண்டியிருந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் ஒரு நாவல் எழுதினார். 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்று அதற்குப் பெயர். வலையை மட்டும் காட்டிவிட்டு நிறுத்தாமல், மைனர் மதி பெறவேண்டும் என்பதையும் தலைப்பிலேயே வைத்தார் பாருங்கள்! வலையில் விழுகிறவனுக்கும் பங்கு உண்டு, விரிக்கும்படி வளர்க்கப்பட்டவளுக்கும் விடுதலை வேண்டும் என்பது அவர் கட்சி. பெண்களைப் பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடுத்து 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது.

இதற்கிடையில் சென்னையில் இன்னொரு மாறுதல் நடந்தது. இராயபுரம் ஸ்டேஷனிலிருந்து 1856-இல் ரயில் ஓடத் தொடங்கியது. துறைமுகமும் கிடங்குகளும் வளர, மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற ஒரு கூட்டம் பெருகியது. நிலம் கொடுக்க அவர்களிடம் நிலம் ஏது? டிக்கட்டும் சந்தாவும் பிறந்தன. இராயபுரத்துக்குத் தெற்கே ஜார்ஜ் டவுனில், வீணை தனம்மாள் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் ரசிகர்கள் கூடினார்கள். நாள் அவர் குறித்தது. நேரம் அவர் குறித்தது. இரைச்சல் அவருக்குப் பிடிக்காது. கேட்டவர்கள் கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். பெங்களூர் நாகரத்னம்மாள் 1910-இல் முத்துப்பழனியின் தெலுங்குச் சிருங்கார காவியமான 'ராதிகா ஸாந்த்வனம்' நூலைப் பதிப்பித்தபோது, ஆபாசம் என்று சொல்லி அரசாங்கம் தடுத்தது. தடை நீங்க 1947 ஆயிற்று. அதே அம்மாள் தம் சம்பாத்தியத்தைக் கொண்டு திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதியில் கோயில் எழுப்பி 1925-இல் கும்பாபிஷேகம் செய்தார். நம் கையை விட்டுப் போன காசு எங்கே போய்ச் சேருகிறது என்று நாம் முகம் சுளிப்பதற்கு முன், இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியவில்லை. திருவொற்றியூரில் சரக்குப் பெட்டகக் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், என் கதைகளைப் படிக்கிறவர், சென்ற ஆண்டு என்னிடம் தயங்கித் தயங்கி ஒரு சங்கதி சொன்னார். கைப்பேசியில் சில பெண்களுக்கு மாதச் சந்தா கட்டுகிறாராம். வயது வந்தவர்களுக்கான படங்களும் பேச்சும் அதில் வருமாம். "தப்பா சார்?" என்றார். தங்கையின் கல்யாணத்துக்கென்று கட்டிவந்த சீட்டு இரண்டு தவணை நின்றுபோயிருந்தது. அவரைக் கேட்கத் தூண்டியது அதுதான்.

தப்பா சரியா என்று தீர்ப்புச் சொல்ல நான் மடாதிபதியல்ல. திருவொற்றியூர்க்காரருக்குத் திருவொற்றியூர்க் கல்வெட்டையே சொன்னேன்.

"தம்பி, ராஜா ஒரு பாட்டுக்குக் கொடுத்தான், கணக்கை முடித்தான். நீங்கள் மாதம் பிறக்கும்போதே ஒரு தொகையை எடுத்து வையுங்கள். சீட்டுப் பணத்துக்கும் வீட்டுச் செலவுக்கும் பிறகு மிஞ்சுவதில் ஒரு சிறு பங்கு. அது தீர்ந்தால் அந்த மாதம் தீர்ந்தது. சந்தா தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி விட்டுவைக்காதீர்கள். கோவலன் செல்வம் போனது அப்படித்தான். உள்ளே போனபின் தனிப் படத்துக்குத் தனிக் காசு, நலம் விசாரிக்கத் தனி இனாம் என்று கேட்பார்கள். சந்தா சிறிது, வாசல் தாண்டிய பின் செலவு பெரிது."

இன்னொன்றும் சொன்னேன். 2016-இல் லண்டனில் தொடங்கிய இவ்வகைப் பெரிய நிறுவனம் ஒன்று, ரூபாய்க்கு நாலணாவுக்குச் சற்றுக் குறைவாக, அதாவது ஐந்தில் ஒரு பங்கு, தனக்கென்று பிடித்துக்கொள்கிறது. இரவில் அன்பொழுகப் பதில் எழுதுவது அந்தப் பெண்தான் என்பதற்கும் உத்தரவாதமில்லை. கூலிக்கு அமர்த்திய ஆட்கள் அவள் பெயரில் எழுதுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. விறலிவிடு தூதின் தாய்க்கிழவி சாகவில்லை, ஐயா. ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்!

"உங்கள் படத்தையோ பாங்கு ரகசிய எண்ணையோ எவருக்கும் அனுப்பாதீர்கள். அதை வைத்து மிரட்டினால் மேலும் பணம் கட்டாதீர்கள். 1930 என்ற எண்ணில் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு வந்ததை நண்பர்களுக்கு அனுப்பவும் கூடாது. அது சட்டப்படி குற்றம். அதோடு அவள் பிழைப்பில் கைவைப்பது. கடைசியாக, கானல்வரியை மறக்காதீர்கள். காசு கொடுத்து நீங்கள் வாங்கியது ஒரு காட்சியை. அவள் மனசை அல்ல. அது விற்பனைக்கு வைத்திருந்த பொருளும் அல்ல."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மூணாவது தவணைக்குள்ள சீட்டை நேர் பண்ணிடறேன் சார்" என்றார். சந்தாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மதி பெறுவது மைனரின் வேலை.

உறவாக்கின நல்லூர் என்ற பெயர் வழக்கில் நிற்கவில்லை. ஊர் மணலியாகவே இருக்கிறது. கொடுத்த அரசனின் வம்சமும் அவனுக்கு அடுத்து வந்தவன் காலத்துக்குப் பின் நிற்கவில்லை. பாட்டு அன்றைக்கே காற்றோடு போய்விட்டது. ஆனால் யார் கொடுத்தார், யாருக்கு, எதற்காக, எவ்வளவு என்ற நாலு விவரம் எண்ணூறு ஆண்டுகளாகக் கல்லில் இருக்கிறது. நாம் செலவழிக்கும் பணத்துக்கு அந்த நாலு விவரத்தையும் ஒரு காகிதத்தில், நம் வீட்டார் பார்க்கும்படி, நம்மால் எழுதிவைக்க முடியுமா? முடிந்தால் அது செலவு. முடியாவிட்டால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது.