கோழித் தீவனத்தின் வடிவம்

மூலப்பொருளும் புரத அளவும் ஒன்றாகவே இருந்தாலும், தீவனத்தை மாவாகவோ குருணையாகவோ குச்சியாகவோ கொடுப்பதைப் பொறுத்துக் கோழி தின்னும் அளவும் ஏறும் எடையும் மாறும். இறைச்சிக் கோழியில்தான் இந்த வேறுபாடு மிகுதி.

தானியமும் புண்ணாக்கும் அரைத்துக் கலந்தது மாவுத் தீவனம். அதை நீராவியால் 70 முதல் 90 பாகை செல்சியசு வரை சூடாக்கி, துளையிட்ட அச்சில் அழுத்தினால் குச்சித் தீவனம் வரும். குச்சியை உடைத்தால் குருணைத் தீவனம். பிராய்லர் குஞ்சுக்கு முதலில் குருணையும், வளர்ந்த பின் குச்சியும் கொடுப்பது பண்ணை வழக்கம்.

பல்லில்லாத கோழி மாவைச் சிறுகச் சிறுகக் கொத்தித்தான் தின்ன வேண்டும். குச்சியை ஒரே கொத்தில் எடுத்துவிடும். 1962இல் ஜென்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மாவு தின்ற குஞ்சுகள் 12 மணி நேரத்தில் 14.3 விழுக்காட்டையும், குச்சி தின்றவை 4.7 விழுக்காட்டையும் தீனிக்குச் செலவிட்டன. அலைச்சலில் மிச்சமாகும் ஆற்றல் சதையாகிறது. பெரிய துணுக்கை மட்டும் பொறுக்கித் தின்பதும், தீனி சிந்துவதும் குறைகின்றன. நீராவிச் சூடு சால்மோனெல்லா கிருமியைக் குறைக்கும். சூடு மிஞ்சினால் உயிர்ச்சத்துகளும் நொதிகளும் கெடும். குச்சி உதிர்ந்து தூளானால் கொடுத்த கூடுதல் விலை வீண். மிக விரைந்த வளர்ச்சி இதயத்துக்குச் சுமையாகி, வயிற்றில் நீர் கோக்கும் நோயும் வரலாம்.

நாமக்கல் முட்டைப் பண்ணைகளில் மாவே பெருவழக்கு. முட்டைக்கோழிக்கு அளவுக்கு மீறிய எடை வேண்டாம். கரடுமுரடாக அரைத்த மாவு அதன் அரைப்பைக்கும் நல்லது.

குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையும் பெய்வதால் தீவனத்துக்கு முதல் பகை ஈரம். இந்தியத் தர நிர்ணயம் கோழித் தீவனத்தில் அனுமதிக்கும் ஈரப்பதம் அதிகபட்சம் 11 விழுக்காடு. அதைத் தாண்டினால் மாவு கட்டிபிடிக்கும், பூஞ்சை நஞ்சு சேரும். மூட்டையைச் சுவரில் சாய்க்காமல் பலகை மேல் அடுக்க வேண்டும். இங்கே எளிதில் கிடைக்கும் மரச்சீனி மாவு தூசாகப் பறக்கும். தேங்காய்ப் புண்ணாக்கு இடத்தை அடைத்து, சத்து சேருமுன்பே குஞ்சின் வயிற்றை நிரப்பும். இரண்டுக்கும் குச்சி வடிவம் கைகொடுக்கும்.

புறக்கடை நாட்டுக்கோழியின் கணக்கு வேறு. நெல்லும் புழுவும் கீரையும் தானே தேடித் தின்னும் அதற்கு, தவிடும் நொய்யரிசியும் கஞ்சித்தண்ணியில் பிசைந்து வைத்தால் போதும். பிராய்லர் குச்சி தேவையற்ற செலவு. பிசைந்த தீனி இந்த ஊர் வெக்கையில் விரைவில் புளித்துவிடும். மீந்ததை அன்றே அகற்றிப் பாத்திரத்தைக் கழுவ வேண்டும்.