மூன்று முறை ஒட்டிய ஜாடி

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள போர்ட்லேண்ட் ஜாடிக்கு வயது சுமார் இரண்டாயிரம். உயரம் ஏறக்குறைய 24 சென்டிமீட்டர்தான். கருநீலக் கண்ணாடியின் மேல் வெள்ளைக் கண்ணாடியைப் போர்த்தி, அந்த வெள்ளையைச் செதுக்கியே ஆண், பெண், மரம் என்று உருவங்களை எடுத்திருக்கிறார்கள் ரோமானியக் கைவினைஞர்கள். வெள்ளை மெலிந்த இடங்களில் அடியிலுள்ள நீலம் தெரியும். ஆடை மடிப்புகளின் நிழல் அப்படித்தான் உருவானது.

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது ரோம் நகரில் ஒரு கார்டினலிடம் இருந்தது. பிறகு பார்பெரினி குடும்பத்திடம் போய் ஒன்றரை நூற்றாண்டு தங்கியது. 1780-களில் ஆங்கிலேயத் தூதர் வில்லியம் ஹாமில்டன் வாங்கி, போர்ட்லேண்ட் சீமாட்டிக்கு விற்றார். பெயர் அங்கிருந்து வந்தது. பீங்கான் கலைஞர் ஜோசையா வெட்ஜ்வுட் இதை இரவல் வாங்கி வைத்து ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு, 1790-இல் பிரதி எடுத்தார். 1810-இல் போர்ட்லேண்ட் குடும்பத்தார் ஜாடியை அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்பதுதான் நோக்கம்.

1845 பிப்ரவரி 7 அன்று பிற்பகலில் ஓர் இளைஞன் அங்கிருந்த கற்சிற்பம் ஒன்றைத் தூக்கி ஜாடியின் கண்ணாடிப் பெட்டிமேல் எறிந்தான். ஜாடி இருநூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது. ஒரு வாரமாகக் குடித்துக்கொண்டிருந்ததாக அவன் சொன்னான். அன்றைய சட்டம் விலை குறைந்த பொருள்களின் சேதத்துக்கு மட்டுமே செல்லும் என்பதால், பெட்டியை உடைத்ததற்காக 3 பவுண்டு அபராதம் விதித்தார்கள். கலைப்பொருள்களைக் காக்க அதே ஆண்டு நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது.

சிதறிய துண்டுகளைப் பரப்பிவைத்து, முதலில் நீர்வண்ண ஓவியமாக வரைந்துகொண்டார்கள். பிறகு சீரமைப்பாளர் ஜான் டபுள்டே சில மாதங்களிலேயே ஜாடியை ஒட்டி நிறுத்தினார். ஆனால் 37 சிறு சில்லுகளுக்கு இடம் கிடைக்கவில்லை. அவற்றை வைக்க 37 அறைகள் கொண்ட பெட்டி ஒன்று செய்யக் கொடுத்தார்கள். அதன்பின் அவை கண்ணில் படவேயில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து, 1948-இல், என்னவென்று தெரியாமல் ஒருவர் அவற்றை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார். காப்பாளர் பெர்னார்டு ஆஷ்மோல் அவை எதன் சில்லுகள் என்று கண்டுகொண்டார்.

அதற்குள் பழைய ஒட்டுவேலை மங்கித் தெரிந்தது. ஜாடியைப் பிரித்து மீண்டும் ஒட்டினார்கள். 37 சில்லுகளில் மூன்றுதான் சேர்ந்தன. அந்தப் பசையும் நாற்பது ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1980-களின் இறுதியில் சீரமைப்பாளர்கள் நைஜல் வில்லியம்ஸும் சாண்ட்ரா ஸ்மித்தும் மூன்றாம் முறை கைவைத்தார்கள். ஒவ்வொரு துண்டின் இடத்தையும் படமெடுத்து, வரைந்து குறித்தார்கள். உள்ளும் புறமும் உறிஞ்சுதாளைச் சுற்றி, மூடிய கண்ணாடிக் கலத்தில் கரைப்பானோடு மூன்று நாள் வைத்தார்கள். பசை இளகி, 189 துண்டுகள் கழன்று வந்தன. பல பசைகளைச் சோதித்து, காலப்போக்கில் எளிதில் கெடாத எபாக்சிப் பசை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒட்டும்போதுதான் ஓர் உண்மை தெரியவந்தது: துண்டுகள் பொருந்த வேண்டும் என்பதற்காக, முன்பு ஒட்டியவர்கள் சில விளிம்புகளை அரத்தால் ராவியிருந்தார்கள்.

இந்த ஜாடியின் கதையில் எனக்கு மிகவும் வலிப்பது குடிகாரன் எறிந்த கல் அல்ல, அந்த அரம்தான். கல் உடைத்ததை மீண்டும் சேர்க்க முடிந்தது. அரம் தேய்த்த கண்ணாடி போனது போனதுதான். பழைய பசை கரைந்ததால்தான் இரண்டாம், மூன்றாம் முயற்சிகள் சாத்தியமாயின. நமக்குப் பின்னால் வருபவர் நம்மைவிட நன்றாகச் செய்யக்கூடும். அவருக்கு வழி விட்டு வைப்பதே சீரமைப்பின் முதல் நெறி. மூன்றாம் முறையில் மிகச் சில பொடிச் சில்லுகள் நீங்கலாக எல்லாமே தம் இடம் சேர்ந்தன. இடைவெளிகளை நீல, வெள்ளைப் பிசினால் நிரப்பினார்கள்.

உங்கள் வீட்டில் பாட்டியின் பீங்கான் ஜாடியோ பழைய கண்ணாடிப் படமோ உடைந்தால், கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு சில்லையும் பொறுக்கித் தாளில் மடித்து வையுங்கள். பொருந்தாத விளிம்பைத் தேய்க்காதீர்கள். அவசரப்பட்டுக் கடைப்பசையை வைக்காதீர்கள். ஒட்டத் தெரிந்தவர் வரும்வரை அது உடைந்தே இருக்கட்டும்.