வெள்ளைத் துப்பாக்கியும் செங்கல் பொடியும்

காலேஜ்ல கூடப் படிச்ச மெக்கானிக்கல் நண்பன் ஒருத்தன் வேலூர் சிப்பாய் எழுச்சியை நாடகமா போடறான். பொட்டி தட்டற நேரம் போக மீதி நேரத்துல அவனுக்கு இதான் வேலை. "மச்சி, நீதான் ஹிஸ்டரி ஹிஸ்டரின்னு உயிரை வாங்குவியே, சிப்பாய்ங்களுக்குத் துப்பாக்கி செஞ்சு தா"ன்னு ஒரு மாதிரியை மேடவாக்கம் வீட்டுக்கே கொண்டுவந்து போட்டுட்டான். மரக்கட்டை, இரும்புக் குழாய், மொத்தத்துக்கும் பளபளன்னு கறுப்பு பெயிண்ட். பார்த்ததும் எனக்கு வந்த முதல் கேள்வி: 1806ல துப்பாக்கி என்ன கலர்ல இருந்திருக்கும்?

முன்னாடியே சொல்லிடறேன், இது சுடாத துப்பாக்கி. உரிமம் இல்லாம சுடற துப்பாக்கி செஞ்சா 1959 ஆயுதச் சட்டப்படி உள்ளே போகவேண்டியதுதான். குழாயோட பின்பக்கம் அடைச்சாச்சு, மருந்துக்குத் தீ போற ஓட்டையே போடலை. எங்கம்மாவுக்கு இதை மூணு தடவை சொல்லியும் இன்னும் நம்பலை.

வேலூர்ச் சிப்பாய்கள் கையில இருந்தது கம்பெனியோட சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. 'பிரவுன் பெஸ்'னு சொல்ற குடும்பத்துல ஒண்ணு. குழல் 39 அங்குலம், வாய் முக்கால் அங்குலம், எடை நாலு கிலோவுக்கு மேல. விலை குறைச்சலா, செய்ய சுலபமா இருக்கணும்னு கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்குன்னு செய்ய வச்ச மாடல் இது. 1793ல பிரான்சோட சண்டை வந்து துப்பாக்கிக்குத் தட்டுப்பாடு ஆனப்போ, பிரிட்டிஷ் அரசாங்கமே கம்பெனிகிட்ட இருந்து வாங்கி, அப்புறம் அதையே தன் ராணுவத்துக்கும் எடுத்துக்கிச்சு. அதனாலதான் அந்த மாடலுக்குப் பேரே 'இந்தியா பேட்டர்ன்'. நெப்போலியனை எதிர்த்த ஆளும் வேலூர்க் கோட்டையில காவல் நின்ன ஆளும் தோள்ல தூக்கினது ஒரே சாமான்தான்.

பேர்லயே 'பிரவுன்' இருக்கே, அப்ப பழுப்புன்னு முடிவு பண்ணிட்டேன். கோட்டை அருங்காட்சியகத்துல கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கற துப்பாக்கிகளும் கருகின பழுப்புலதானே இருக்கு? வெல்டிங் கடையில ஒரு துண்டு இரும்புக் குழாய் வாங்கி, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, உப்புத் தண்ணி தடவி மொட்டை மாடியில வச்சேன். அந்தக் காலத்து முறையும் கிட்டத்தட்ட இதான். அரிக்கிற கரைசலைத் தடவு, துரு பூக்க விடு, மேல்துருவைத் தேய்ச்சு எடு, மறுபடி தடவு. நிறம் சீராப் படிஞ்சதும் துருவை நிறுத்தி எண்ணெயோ மெழுகோ பூசு. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் பக்கத்துல இருக்கறவனுக்குத் துருப்பிடிக்க வைக்கத் தனியா படிப்பு வேணுமா? ரெண்டே நாள்ல பூத்துடுச்சு. நாலஞ்சு சுத்துல நல்ல காப்பிக்கொட்டை நிறம். ஒரே பெருமை எனக்கு.

அப்புறம்தான் ஆப்பு. காலாட்படைத் துப்பாக்கியோட குழலைப் பழுப்பாக்கணும்னு பிரிட்டிஷ் ராணுவத்துல உத்தரவு வந்ததே 1815ல. ரைபிள் படைக்காரங்களோட பேக்கர் ரைபிள் 1800லயே பழுப்புதான், ஆனா அது ஒளிஞ்சு சுடறவங்க சமாச்சாரம். சாதாரணச் சிப்பாய் தோள்ல இருந்த குழல் வெள்ளை. எந்தப் பூச்சும் இல்லாம, தேய்ச்சுத் தேய்ச்சு மின்ற வெறும் இரும்பு. 'பிரவுன்'ங்கிற பேருக்குக் கட்டையோட நிறம்தான் காரணம்னு ஒரு கட்சி, வேற காரணம் சொல்ற கட்சிகளும் உண்டு. அருங்காட்சியகத்துல நான் பார்த்த பழுப்பு? அது 200 வருஷத்து வயசு. அதைப் பார்த்து காப்பியடிச்சா, பட்டதாரி வாலிபனா நடிக்கிறவனுக்குத் தாத்தா மேக்கப் போட்டமாதிரி ஆயிடும்.

நண்பன் அடிச்ச கறுப்பும் தப்புதான். நாம துப்பாக்கின்னாலே நினைக்கிற அந்த நீலக்கறுப்பு, கொதிக்கற உப்புக்கரைசல்ல முக்கி எடுக்கற முறை, 20ஆம் நூற்றாண்டுலதான் பரவலாச்சு. நீலமே அப்ப இல்லைன்னு சொல்லலை. எஃகை மெருகேத்திச் சூடு பண்ணினா முதல்ல வைக்கோல் நிறம், அப்புறம் ஊதா, கிட்டத்தட்ட 300 டிகிரியில மயில்கழுத்து நீலம். மேல படியற ஆக்சைடு ஏட்டோட தடிமனைப் பொறுத்து நிறம் மாறுது, அவ்ளோதான். கேஸ் அடுப்புல ஒரு ஸ்க்ரூவை வச்சுப் பார்த்தேன், ஆஹா, என்ன அழகு! ஆனா அதெல்லாம் சீமான்களோட வேட்டைத் துப்பாக்கிக்குச் சரி. மாசச் சம்பளச் சிப்பாய்க்குக் கம்பெனிக்காரன் எதுக்கு மயில்கழுத்து கொடுக்கப்போறான்?

கட்டையைச் சீக்கிரம் சொல்லி முடிக்கறேன். அசல்ல அக்ரூட் மரம். நம்ம நாட்டுல இருந்து வெளிநாட்டுப் பழம்போர் நடிப்புக் குழுக்களுக்குப் போற நகல்கள்ல தேக்கு, ஈட்டின்னு கிடைச்சதைப் போட்டு மேல சிவப்பு வார்னிஷ் அடிச்சிருப்பாங்க. எங்களுக்கும் தேக்குதான், வேற வழியில்லை. ஆனா பாலியூரித்தேன் மினுக்கைச் சுரண்டிட்டு ஆளிவிதை எண்ணெய் தேய்ச்சேன். தேய்ச்ச துணியைச் சுருட்டிப் போட்டுடாதீங்க மக்களே, தானாவே சூடாகித் தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப் போடுங்க. பக்கத் தகட்டுல கம்பெனி முத்திரை. 1808க்கு அப்புறம்தான் கிரீடத்தோட நிக்கற சிங்கம். எங்க கதை 1806, அதனால பழைய இதய முத்திரை, மேல 4 மாதிரி ஒரு குறி. இது யார் கண்ணுக்கும் தெரியப்போறதில்லை, இருந்தாலும் :-)

இப்ப குழலுக்கு வருவோம். வெள்ளையாக்கறதுக்கு பிரிட்டிஷ் படைகள்ல செங்கல் பொடியும் எண்ணெயும் போட்டுத் தேய்ச்சாங்க. படிச்சதும் பாட்டி ஞாபகம் வந்துடுச்சு. வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி குத்துவிளக்கைப் புளியும் செங்கல் பொடியும் போட்டு ஒரு கை பார்ப்பாங்க. அதே டெக்னாலஜி! காப்பிக்கொட்டை நிறத்தை எமரி பேப்பரால சுரண்டறப்போ வயிறு எரிஞ்சுது. அப்புறம் பக்கத்து காலி மனையில கிடந்த செங்கல்லை இடிச்சு, சலிச்சு, எண்ணெய் விட்டுத் துணியால தேய்ச்சேன். மூணு சாயங்காலம். தோள்பட்டை கழண்டுடுச்சு, குழல் மட்டும் நிலா மாதிரி.

தேய்ச்சிட்டிருக்கப்பதான் வேலூர் எனக்கு வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுது. புதுத் தலைப்பாகை, தாடி எடு, நெத்தியில குறி வைக்காதேன்னு கம்பெனி உத்தரவு போட்டதும், மறுத்தவங்களுக்குக் கசையடி விழுந்ததும், 1806 ஜூலை 10ல கோட்டை வெடிச்சதும், ஆற்காட்டுல இருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோட வந்து அன்னைக்கே நூத்துக்கணக்கான சிப்பாய்களைக் கொன்னு அடக்கினதும் பாடப்புத்தகத்துல இருக்கு. தலைப்பாகைக்காகவா இவ்ளோன்னு ஸ்கூல்ல யோசிச்சிருக்கேன். ஆனா அந்த ஆளோட உடம்பு ஏற்கெனவே கம்பெனி கையிலதான் இருந்திருக்கு. குழல் மின்னணும், பித்தளை மின்னணும், பித்தான் மின்னணும், அணிவகுப்புல அதைப் பார்த்துச் சரிபார்க்க ஒருத்தன். அதுக்கெல்லாம் சரின்னு தேய்ச்சவன்கிட்ட மிச்சம் இருந்தது நெத்தியும் தாடியும்தான். அதையும் கேட்டிருக்காங்க.

நண்பன் வந்து பார்த்தான். "தகரம் மாதிரி இருக்கு மச்சி, பொம்மைன்னு சிரிப்பாங்க"ன்னான். நியாயமான பயம்தான், நாம சினிமாவுல பார்த்துப் பழகினது கறுப்பு. அரைமணி நேரம் சண்டை. கடைசியில டார்ச்சை அணைச்சுட்டு மொட்டை மாடி டியூப்லைட்டுல தூக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. "பன்னெண்டு வேணும், எல்லாம் இதே மாதிரி"ன்னான். தேய்க்கறது சிப்பாயா நடிக்கறவங்களே செய்யணும்னு நான் கண்டிஷன் போட்டுட்டேன்.

அவன் தொட்டுப் பார்த்துட்டுப் போன இடத்துல மறுநாள் காலையில அஞ்சு விரலும் பழுப்பாப் பதிஞ்சிருந்தது. செங்கல் பொடி இன்னும் அரை டப்பா மிச்சம் இருக்கு.