வெள்ளை ஆல்பம்: பாடல்களின் தோற்றம்

லிவர்பூலைச் சேர்ந்த பீட்டில்ஸ் ராக் குழு 1968 நவம்பர் 22 அன்று வெளியிட்ட இரட்டை இசைத்தட்டின் முறையான பெயர் ‘தி பீட்டில்ஸ்’. ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் அதற்கு வெறும் வெள்ளை உறை வடிவமைத்ததால் ‘வெள்ளை ஆல்பம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. இதிலுள்ள 30 பாடல்களில் பெரும்பகுதி, அவ்வாண்டு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ரிஷிகேசத்தில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் எழுதப்பட்டவை, அல்லது அங்கே தொடங்கப்பட்டவை.

ஆழ்நிலைத் தியானம் கற்கப் போன நால்வரில் ரிங்கோ ஸ்டார் பத்து நாட்களிலேயே ஊர் திரும்பிவிட்டார், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. பால் மெக்கார்ட்னி மார்ச் இறுதிவரை இருந்தார். ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் ஏப்ரல் 12 அன்று கிளம்பினார்கள். ஒலிப்பதிவுக் கூடமோ மின் கிட்டார்களோ அங்கு இல்லை. கையில் இருந்தவை சாதாரண கிட்டார்கள்தாம். உடன் தங்கியிருந்த ஸ்காட்லாந்துப் பாடகர் டோனவன், விரல்களால் தந்திகளைத் தனித்தனியாக மீட்டும் முறையை லெனனுக்குக் கற்றுக்கொடுத்தார். லெனன் தன் இறந்த தாயை நினைத்து எழுதிய ‘ஜூலியா’விலும் ‘டியர் புரூடன்ஸ்’ பாடலிலும் ஒலிப்பது அந்தப் பாடம்தான். முந்தைய ஆண்டின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்தின் ஆடம்பரத்தைக் கேட்டவர்களுக்கு இந்த எளிமை வியப்பளித்திருக்கும்.

ஆசிரமத்து ஆட்களே பாடல்களுக்குள் நுழைந்தார்கள். நடிகை மியா ஃபாரோவின் தங்கை புரூடன்ஸ், மற்றவர்களைவிடத் தீவிரமாகத் தியானத்தில் மூழ்கி, அறையை விட்டு வெளியே வர மறுத்தார். அவரைப் பேசி அழைத்துவரும் வேலை லெனனுக்கும் ஹாரிசனுக்கும் வந்தது. அந்த அழைப்பே ‘டியர் புரூடன்ஸ்’. தாயுடன் வந்திருந்த அமெரிக்க இளைஞர் ஒருவர் நடுவில் புலி வேட்டைக்குப் போய்விட்டு மறுபடி தியானத்துக்குத் திரும்பியதைப் பார்த்த எரிச்சலில் பிறந்தது ‘பங்களா பில்’. மகரிஷியும் தப்பவில்லை. அவரைப் பற்றி ஆசிரமத்தில் பரவிய வதந்தியை நம்பிய லெனன், கிளம்பும் வேளையில் அவரைச் சாடி ஒரு பாட்டு எழுதினார். ஹாரிசன் தடுத்ததால் மகரிஷியின் பெயர் நீங்கி, அது ‘செக்ஸி சேடி’ ஆயிற்று. வதந்தி உண்மையல்ல என்பதே ஹாரிசனின் பிற்காலக் கருத்து.

மன அமைதி தேடிப் போன இடத்தில் லெனன் எழுதியவற்றில் ‘ஐயாம் சோ டயர்ட்’ தூக்கமின்மையைப் பற்றியது. ‘யெர் புளூஸ்’ தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. மெக்கார்ட்னியின் மனநிலை வேறு. உடன் இருந்த பீச் பாய்ஸ் குழுவின் மைக் லவ் தந்த யோசனையோடு, அக்குழுவின் பாணியையே கேலி செய்து ‘பேக் இன் தி யு.எஸ்.எஸ்.ஆர்.’ எழுதினார். இருவரின் பாடல்களும் வழக்கம்போல லெனன்–மெக்கார்ட்னி என்ற கூட்டுப் பெயரிலேயே வந்தன. ஆனால் இந்த ஆல்பத்தில் பெரும்பாலும் அவரவர் தனியே எழுதியதுதான்.

ரிஷிகேசத்துக்குத் தொடர்பில்லாதவையும் உண்டு. சீனத்து ‘ஐ சிங்’ நூலில் தற்செயல் என்று ஒன்றில்லை என்ற கருத்தைப் படித்த ஹாரிசன், வட இங்கிலாந்தில் பெற்றோர் வீட்டில் ஏதோ ஒரு புத்தகத்தைப் பிரித்து, கண்ணில் படும் முதல் சொற்களை வைத்தே பாட்டெழுத முடிவு செய்தார். அப்படி வந்தது ‘வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்’. செப்டம்பர் 6 அன்று அதற்குக் கிட்டார் வாசித்த நண்பர் எரிக் கிளாப்டனின் சாக்லேட் ஆசையே ஹாரிசனின் ‘சவாய் டிரஃபிள்’ பாடலுக்கும் பொருளானது. தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தங்கள் பாடல் ஒன்றை மிக முரட்டுத்தனமானது என்று பேட்டியில் பெருமையடித்ததைப் படித்த மெக்கார்ட்னி, அதை மிஞ்ச எழுதியது ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’. ‘பிளாக்பேர்ட்’ பாடலின் கிட்டார் நடை பாக் இயற்றிய ஒரு பூரே நடன இசையிலிருந்து வந்தது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத்தை மனத்தில் வைத்தே அதை எழுதியதாக மெக்கார்ட்னி சொல்லியிருக்கிறார். ரிங்கோ தனியே இயற்றி வெளிவந்த முதல் பாடலான ‘டோன்ட் பாஸ் மீ பை’யும் இதில்தான் இருக்கிறது.

மே மாத இறுதியில் ஈஷர் என்ற ஊரில் ஹாரிசனின் வீட்டில் கூடி, சேர்ந்திருந்த பாடல்களை மாதிரிப் பதிவுகளாக ஒலிநாடாவில் எடுத்துக்கொண்டார்கள். இப்பதிவுகள் முழுத் தொகுப்பாக அதிகாரபூர்வமாக வெளியானது 2018இல்தான். எதை விட்டார்கள் என்பது அவற்றில் தெரிகிறது. இயற்கையைப் பற்றி மகரிஷி ஆற்றிய ஒரே உரையைக் கேட்டு மெக்கார்ட்னி ‘மதர் நேச்சர்ஸ் சன்’ எழுதினார், லெனன் ‘சைல்ட் ஆஃப் நேச்சர்’ எழுதினார். மெக்கார்ட்னியுடையது ஆல்பத்தில் இடம்பெற்றது. லெனன் தன் மெட்டை எடுத்துவைத்து, ரிஷிகேசம் பற்றிய சொற்களை அடியோடு நீக்கி, 1971இல் தன் ‘இமேஜின்’ ஆல்பத்தில் ‘ஜெலஸ் கை’ ஆக்கினார்.