ஆர்மீனிய உயர்கல்வி: வகுப்பறை மரபுகள்

ஆர்மீனியப் பல்கலைக்கழகங்களின் வகுப்பறைப் பழக்கங்களை வடிவமைத்தவை மூன்று: இடைக்கால மடாலயக் கல்வி, சோவியத் ஆட்சிமுறை, ஐரோப்பிய உயர்கல்வி முறைகளை ஒத்திசைக்க உருவாகி, 2005-இல் ஆர்மீனியா இணைந்த பொலோஞா உடன்பாடு.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தழைத்த கிளாட்சோர் கல்விநிலையத்திலும், பின்னர் தாத்தெவ் மடத்திலும் இறையியல், மெய்யியல், இலக்கணம், ஓவியம், இசை ஆகியவை கற்பிக்கப்பட்டன. அங்கே தேர்ந்தவர்கள் ‘வர்தபேத்’ பட்டத்தையும், கற்பிக்கும் உரிமைக்கு அடையாளமான கோலையும் பெற்றனர். ஆசிரியருக்கு ஆர்மீனியச் சமூகம் தரும் மதிப்பின் வேர் இந்த மரபில் ஆழமாக ஊன்றியுள்ளது. நவீனக் காலத்தில் யெரெவான் அரசுப் பல்கலைக்கழகம் 1919-இல் நிறுவப்பட்டு, 1920 ஜனவரியில் அலெக்சாந்திரபோலில் (இன்றைய கியும்ரி) திறக்கப்பட்டது.

கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. ஒரு துறையில் சேர்ந்த மாணவர்கள் குழுக்களாகப் பிரிக்கப்படுகிறார்கள். ஒரே குழுவினர் பெரும்பாலான பாடங்களை இறுதியாண்டு வரை சேர்ந்தே படிப்பதால் நெருங்கிய நட்பு வளர்கிறது. குழுத் தலைவர் நிர்வாகத்துக்கும் மாணவர்களுக்கும் இடையே தொடர்பாளராக இருக்கிறார். விரிவுரைக்குப் பல குழுக்கள் ஒன்றாக அமர்கின்றன. கருத்தரங்கும் செய்முறையும் தனிக்குழுவாக நடக்கின்றன. விரிவுரையாளரிடம் மரியாதைப் பன்மையிலேயே பேசுவார்கள். குடும்பப் பெயருக்கு முன் ஆண்களுக்குப் ‘பாரோன்’, பெண்களுக்குத் ‘திக்கின்’ என்று சேர்ப்பது வழக்கம்.

தேர்வுகளில் வாய்மொழிமுறைக்கு நீண்ட மரபு உண்டு. வினாக்கள் எழுதிய சீட்டுகளில் ஒன்றை மாணவர் எடுப்பார். சற்று நேரம் ஆயத்தமாகிவிட்டு, ஆசிரியர் முன் அமர்ந்து விடை சொல்வார். மதிப்பெண் தேர்வுடன், தேர்ச்சியை மட்டும் பதியும் ‘ஸ்துகார்க்’ என்ற சோதனையும் உண்டு. சோவியத் காலத்து ஐந்து புள்ளி அளவு மறைந்து, யெரெவான் பல்கலைக்கழகத்தில் 20 புள்ளி அளவு வந்தது. நான்காண்டு இளநிலை, ஈராண்டு முதுநிலை, கிரெடிட் முறை ஆகியவை பொலோஞா சீர்திருத்தத்தின் பயன்கள். ஆய்வுப் பட்டத்தில் மட்டும் ‘அறிவியல் வேட்பாளர்’, ‘அறிவியல் முனைவர்’ என்ற பழைய இருபடி அமைப்பு தொடர்ந்தது.

கட்டாய இராணுவப் பணியால் ஆண்கள் பலர் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு மீண்டும் வருகிறார்கள். ஆகவே ஒரே வகுப்பில் வயது வேறுபாடு காணப்படும்.

பயிற்றுமொழி பொதுவாக ஆர்மீனியம். 1991-இல் தொடங்கிய ஆர்மீனியாவின் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் கற்பிக்கிறது. அங்கே அமெரிக்கப் பாணிக் கலந்துரையாடல் முதன்மை பெறுகிறது. இடைக்கால மருத்துவர் மகித்தார் ஹெரத்சியின் பெயர் தாங்கிய யெரெவான் அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இந்திய மாணவர்கள் பலர் ஆங்கில வழியில் பயில்கிறார்கள்.